வயலுக்குத் தாமதமாக வந்த விடுதலை



மே தின ஏற்பாடுகளுக்காக எங்கள் தோட்டத்தில் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் கூடியிருந்தோம். எத்தனை பஸ், எத்தனை தொப்பி, பகல் சாப்பாட்டுக்கு என்ன என்று பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் இருந்த தங்கச்சி ஒருவர் எழும்பிக் கேட்டார்: "அண்ணே, பெப்ரவரி நாலும் வருது, மே ஒண்ணும் வருது. இதெல்லாம் யாருக்கு? நான் கைக்காசு வேலை. லீவுன்னா எனக்கு அன்னைக்குக் காசு இல்ல. அவ்வளவுதான்."

யாரும் பதில் சொல்லவில்லை. திரும்பவும் தொப்பிக் கணக்குக்குப் போய்விட்டோம். நானும்தான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பதில் தேடிக் கொஞ்சம் தூரம் போக வேண்டியிருந்தது. போர்த்துக்கல் வரைக்கும்.

போர்த்துக்கேயர் என்றால் நமக்கு 1505ஆம் ஆண்டும், கறுவாவும், கோட்டையும்தான் ஞாபகம் வரும். அந்த நாட்டில் வயலில் குனிந்து வேலை செய்தவர்களைப் பற்றி நமது பாடப்புத்தகம் எதுவும் சொன்னதில்லை. புரட்சி, ஜனநாயகம், சுதந்திரம் ஆகிய மூன்றையும் சேர்த்து அந்த நாடு ஒரே நாளில் கொண்டாடுகிறது. அது ஏப்ரல் 25. சுதந்திர தினம் என்றே அதற்குப் பெயர். அவர்கள் விடுபட்டது வெளிநாட்டான் ஆட்சியிலிருந்து அல்ல, சொந்த நாட்டுச் சர்வாதிகாரத்திலிருந்து. மே தினத்துக்கு ஆறு நாள் முன்னதாக வரும் அந்த விடுமுறையின் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

சங்கம் குற்றமாக இருந்த காலம்

1926இல் போர்த்துக்கலில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பின்னர் சலசார் என்பவர் கைக்கு அதிகாரம் போனது. 1933இல் புதிய அரசியலமைப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு சுதந்திரமான தொழிற்சங்கங்களையும் ஒழித்தார்கள். அரசாங்கம் சொன்னபடி நடக்கும் சங்கம் மட்டும்தான் இருக்கலாம். வேலைநிறுத்தம் குற்றம். 1934 ஜனவரியில் மரின்யா கிராண்டே என்ற ஊரின் கண்ணாடித் தொழிலாளர்கள் இதை எதிர்த்து எழுந்தபோது அவர்களை நசுக்கினார்கள். 1936இல் நாட்டுக்கு வெளியே, கேப் வேர்ட் தீவில், தர்ரபால் என்ற சிறைமுகாமைத் திறந்து சங்கக்காரர்களையும் எதிர்க்கட்சிக்காரர்களையும் அங்கே அனுப்பினார்கள். பலர் திரும்பி வரவில்லை.

நாட்டின் தெற்கே அலென்தெஜோ என்ற பிரதேசம் இருக்கிறது. கோதுமை, ஒலிவ், தக்கை மரம் விளையும் பெரிய பெரிய பண்ணைகள். நிலம் சில குடும்பங்களுக்கு. வேலை, நிலமே இல்லாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு. அவர்கள் ஊர்ச் சதுக்கத்தில் வந்து நிற்பார்கள். பண்ணையின் ஆள் வந்து பார்த்துத் தனக்கு வேண்டியவர்களைப் பொறுக்கிக்கொண்டு போவான். நமது பிரட்டுக்களம் மாதிரித்தான். ஆனால் இன்று பேர் உண்டா இல்லையா என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் தெரியும். சங்கம் என்று வாயைத் திறந்தவனை அடுத்த நாள் யாரும் எடுக்கமாட்டார்கள். வேலை நேரம் சூரியன் எழும்புவதிலிருந்து விழும் வரைக்கும்.

1954 மே 19ஆம் திகதி, பலெய்சாவோ என்ற ஊரில், அறுவடைக்கு வந்த பெண்கள் சிலர் கூலியைக் கூட்டிக் கேட்கப் போனார்கள். அவர்களில் கத்தரினா எயுபேமியா என்பவரைக் காவற்படை அதிகாரி ஒருவர் சுட்டுக் கொன்றார். வயது 26. மூன்று பிள்ளைகளின் தாய். முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் விழுந்ததை அறிந்த நமக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கூலி கேட்டதற்குக் குண்டு என்பது எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

ஆனாலும் அவர்கள் ஓயவில்லை. 1962 மே மாதம் அலென்தெஜோவின் வயல் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலையைப் போராடி வாங்கினார்கள். சர்வாதிகாரம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, வேலைநிறுத்தம் செய்தால் சிறை என்ற நிலையிலேயே வாங்கினார்கள். சுதந்திர தினம் அவர்களுக்கு எட்டு மணி நேரத்தைத் தரவில்லை. அந்தத் தினத்துக்கு 12 ஆண்டுகள் முன்னமே அவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கிக் குழலில் பூ

1961 தொடங்கி அங்கோலா, கினி, மொசாம்பிக் ஆகிய ஆபிரிக்க நாடுகளைப் பிடித்து வைத்திருப்பதற்காகப் போர்த்துக்கல் யுத்தம் நடத்தியது. இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்கு அனுப்பினார்கள். அதற்குத் தப்பியும் வறுமைக்குத் தப்பியும் லட்சக்கணக்கானோர் பிரான்சுக்கும் வேறு நாடுகளுக்கும் போய்விட்டார்கள். முடிவில் யுத்தம் செய்து களைத்த இளம் இராணுவ அதிகாரிகளே அரசைக் கவிழ்க்கத் தீர்மானித்தார்கள்.

1974 ஏப்ரல் 25, நள்ளிரவு கழிந்து 20 நிமிடம். வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தது. அலென்தெஜோவின் கிராந்தொலா என்ற சிற்றூரையும் அதன் மக்களின் சகோதரத்துவத்தையும் பற்றி சேக்கா அபோன்சோ பாடிய பாட்டு. படைகள் புறப்படுவதற்கு அதுதான் அடையாளம். சல்கெய்ரோ மாயா என்ற கப்டன் கவச வண்டிகளுடன் தலைநகர் லிஸ்பனுக்குள் வந்தார். வீட்டில் இருங்கள் என்று வானொலியில் திரும்பத் திரும்பச் சொல்லியும் சனங்கள் கேட்கவில்லை. தெருவுக்கு வந்து இராணுவத்தைச் சூழ்ந்துகொண்டார்கள்.

உணவகம் ஒன்றில் வேலை செய்த செலெஸ்தே கயெய்ரோ என்ற பெண்ணின் கையில் அன்று கார்னேஷன் பூக்கள் இருந்தன. உணவகத்தின் ஆண்டு நிறைவுக்காக வாங்கிய பூக்கள் அவை. கடையைத் திறக்க முடியாததால் வேலையாட்களிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வழியில் ஒரு சிப்பாய் சிகரட் கேட்டான். அவரிடம் சிகரட் இல்லை. ஒரு பூவைக் கொடுத்தார். சிப்பாய் அதைத் துப்பாக்கிக் குழலில் செருகிக்கொண்டான். பார்த்தவர்கள் எல்லாரும் அப்படியே செய்தார்கள். கார்னேஷன் புரட்சி என்ற பேர் இப்படித்தான் வந்தது. பேர் வைத்தது தலைவர் எவரும் அல்ல, வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தொழிலாளி.

அன்று மாலைக்குள் 48 ஆண்டுச் சர்வாதிகாரம் விழுந்தது. இரகசியப் பொலிஸ் தனது தலைமையகத்திலிருந்து சனங்களைச் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் அரசியல் கைதிகள் விடுதலையானார்கள். மே முதலாம் திகதி விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. சர்வாதிகாரம் விழுந்த பிறகு வந்த அந்த முதல் மே தினத்தில் லிஸ்பன் தெருக்கள் நிரம்பி வழிந்தன. நேற்றுவரை ஒளிந்து சங்கம் நடத்தியவர்கள் பகல் வெளிச்சத்தில் கொடி பிடித்துப் போனார்கள்.

இதுவரை கேட்டால் கதை நன்றாக முடிந்தது போலத்தான் இருக்கும். மேடைகளில் சொல்லப்படுவதும் இதுவரைதான். நமக்கு வேண்டிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

சட்டம் வந்தது, வயல் விடுபட்டது

புரட்சி நடந்து சரியாக ஒரு மாதத்தில், 1974 மே கடைசியில், புதிய அரசாங்கம் போர்த்துக்கலின் முதலாவது தேசிய ஆகக்குறைந்த சம்பளத்தை அறிவித்தது. மாதம் 3,300 எஸ்குடோ. பெரிய வெற்றிதான். ஆனால் அந்தச் சட்டத்தில் இரண்டு வகையான தொழிலாளர்கள் சேர்க்கப்படவில்லை. ஒன்று வயல் தொழிலாளர். மற்றது வீட்டு வேலை செய்வோர்.

சூரியன் எழும்புவதிலிருந்து விழும்வரை வெட்டிய மக்கள், 1962இல் சிறைக்கு அஞ்சாமல் நின்ற மக்கள், கத்தரினாவைப் பறிகொடுத்த மக்கள். பாட்டில் அவர்களின் ஊர் இருந்தது. சட்டத்தில் அவர்கள் இல்லை. வயல் தொழிலாளிக்கு ஆகக்குறைந்த சம்பளம் 1977இல்தான் வந்தது. அப்போதும் மற்றவர்களுக்கு உள்ளதைவிடக் குறைந்த தொகை. வீட்டு வேலை செய்வோர் இன்னும் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

நம்முடைய கதையும் நினைவுக்கு வருகிறது அல்லவா? 1947இல் நமது வாக்கில் ஏழு பேர் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். 1948 பெப்ரவரி 4 நாட்டுக்குச் சுதந்திரம். அதே ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம். அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தம். 1952 தேர்தல் வந்தபோது மலையில் பெரும்பாலானோருக்கு வாக்கு இல்லை. சுதந்திரக் கொடி ஏறிய கையோடு நம்மை வெளியில் நிறுத்தினார்கள். போர்த்துக்கலில் நடந்தது இதற்கு நேர்மாறு. முன்பு எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அங்கே வாக்கு இருக்கவில்லை. 1975 ஏப்ரல் 25ஆம் திகதி, புரட்சியின் முதலாம் ஆண்டு நிறைவில் நடந்த தேர்தலில் அவர்களும் வாக்களித்தார்கள். வாக்காளரில் நூற்றுக்கு 91 பேருக்கு மேல் வந்து வாக்குப் போட்டார்கள். அவர்களுக்கு வாக்குக் கிடைத்துச் சம்பளச் சட்டம் விடுபட்டது. நமக்குச் சம்பளச் சபை இருந்து வாக்குப் பறிபோனது. இரண்டு இடத்திலும் விடுபட்டவன் நிலத்தில் குனிந்து நிற்பவன்தான்.

அவர்கள் எழுதிக் கேட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. சங்கம் அமைத்தார்கள். பண்ணைக்காரர்களுடன் கூலி ஒப்பந்தம் செய்தார்கள். பண்ணைக்காரர் நிலத்தைத் தரிசாகப் போட்டு வேலை தர மறுத்தபோது பண்ணைகளுக்குள் இறங்கினார்கள். அவர்களின் முதல் கோரிக்கை சொத்து அல்ல. ஆண்டு முழுவதும் வேலை. 1975இல் பத்து லட்சம் ஹெக்டயருக்கு மேற்பட்ட நிலம் தொழிலாளரின் கூட்டுப் பண்ணைகளாக மாறியது. அதே 1975இல் இங்கேயும் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. அங்கே நிலம் தொழிலாளியின் கூட்டுக்கு வந்தது. இங்கே அரசாங்கத்துக்குப் போனது, நாம் லயத்திலேயே இருந்தோம். ஈராண்டு கழித்து, 1977 மே 11ஆம் திகதி, தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் டெவன் தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அங்கேயும் வெற்றி நிலைக்கவில்லை. 1977இல் வேறொரு சட்டம் வந்து நிலம் திரும்பவும் பழைய உரிமையாளர்களுக்குப் போகத் தொடங்கியது. 1979இல் அந்த மீட்பு நடவடிக்கையின்போது இரு வயல் தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். கூட்டுப் பண்ணைகள் ஒன்றொன்றாகக் கரைந்தன. ஆனால் ஏப்ரல் 25 மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் விடுமுறையாக வந்துகொண்டிருந்தது.

இன்று அந்த வயலில் யார்?

இன்றைக்கும் அலென்தெஜோவில் வேலை நடக்கிறது. அதன் கரையோரம் ஒதெமிரா என்ற பகுதியில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் ராஸ்பெரி போன்ற பழங்களை வளர்க்கிறார்கள். பறிப்பவர்கள் நேபாளத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் போனவர்கள். நமது பக்கத்துச் சனங்கள். பலரை வேலைக்கு எடுப்பது பண்ணை அல்ல, இடையில் நிற்கும் ஆள் பிடிக்கும் கொந்தராத்துக்காரர். கங்காணி முறை என்று நாம் சொல்வோமே, அதன் பேரப்பிள்ளை.

2021இல் கொரோனா பரவியபோது அரசாங்கம் அந்தப் பகுதியின் இரண்டு ஊர்ப்பிரிவுகளை மூடியது. அப்போதுதான் அவர்கள் எப்படி ஓர் அறையில் நெருக்கி அடுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதை நாடே பேசத் தொடங்கியது. 2022இல் அலென்தெஜோவில் ஆட்களைச் சுரண்டிய வலையமைப்பு ஒன்றைச் சேர்ந்தவர்களைப் பொலிஸார் கைதுசெய்தார்கள். ஊர்ச் சதுக்கத்தில் நின்று கூலிக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஏப்ரல் 25இல் சிவப்புக் கார்னேஷன் பிடித்து ஊர்வலம் போகிறார்கள். பாட்டன் நின்ற இடத்தில் இப்போது வேறொருவன் நிற்கிறான். அந்த நாட்டுப் பிரஜையாகாதவரை பாராளுமன்றத் தேர்தலில் அவனுக்கு வாக்கில்லை.

நான் போர்த்துக்கல் தொழிலாளரைக் குறை சொல்லவில்லை. அங்குள்ள சங்கங்களும் இதைப் பற்றிப் பேசுகின்றன. நான் சொல்ல வருவது இதுதான்: விடுதலை நாள் என்பது கிடைத்ததைக் கொண்டாடும் நாள் மட்டும் என்று ஆகிவிட்டால், கிடைக்காதவன் நம் பக்கத்திலேயே நின்றாலும் நம் கண்ணுக்குத் தெரியமாட்டான்.

நமது மலையில் விடுபட்டவர்

இப்போது அந்தத் தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன்.

ஒரே மலையில், ஒரே நிரையில், இரண்டு பேர் கொழுந்து எடுக்கிறார்கள். ஒருவருக்குப் பேர் விழுகிறது. அவருக்குச் சேமலாப நிதி, விடுமுறைச் சம்பளம், பிரசவ லீவு, கேட்க ஒரு சங்கம் எல்லாம் உண்டு. மற்றவர் கைக்காசு. கிலோவுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கையில் கொடுப்பதோடு முடிந்தது. அவர் யார்? பெரும்பாலும் நம் வீட்டு ஆள்தான். பென்சன் எடுத்த அம்மா. பிள்ளை பிறந்த பிறகு பதிவிலிருந்து விலகிய மருமகள். கொழும்பில் கடை மூடியதால் திரும்பி வந்த தம்பி. அவர்களுடைய பேர் நமது சங்கப் பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் நாம் சொல்லும் பதில் மூன்று.

முதலாவது, "அவங்க சந்தா கட்டலை." உண்மை. செக்ரோலில் பேர் இல்லாதவரிடம் சந்தா வெட்ட முடியாது. ஆனால் நாம் போய்க் கேட்டோமா? செக்ரோல் வழியாக வருவதுதான் சந்தா என்று பழகிவிட்ட நாம், வீட்டுக்கு வீடு போய்ச் சந்தா சேர்த்த பழைய தலைவர்மாரை மறந்துவிட்டோம்.

இரண்டாவது, "அவங்களுக்குக் கேட்டா நம்ம சம்பளம் குறையும்." நடப்பது இதற்கு எதிர்மாறு. கைக்காசுக்கு மலிவாக ஆள் கிடைக்கும்வரை நிர்வாகத்துக்குப் புதிதாக ஆளைப் பதியத் தேவையில்லை. 2021இல் ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வந்தபோது நாம் சந்தோஷப்பட்டோம். அதன் பிறகு எத்தனை தோட்டத்தில் வேலை நாளைக் குறைத்து, மிச்ச மலையைக் கைக்காசுக்கு விட்டார்கள் என்பதை ஒவ்வொரு தலைவரும் தன் தோட்டத்தை நினைத்துப் பார்க்கட்டும். பக்கத்து நிரையில் பாதிக் கூலிக்கு ஆள் நிற்கும்போது நம் முழுக்கூலி எத்தனை நாளைக்கு நிற்கும்?

மூன்றாவது, "அவங்களுக்குச் சட்டத்தில ஒண்ணும் இல்லை." இது பிழை. தற்காலிகமாக வேலை செய்பவருக்கும், அன்றாடம் வந்து போகிறவருக்கும் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் பொருந்தும். முதலாளியின் பங்கு நூற்றுக்கு 12, தொழிலாளியின் பங்கு 8, நம்பிக்கை நிதிக்கு முதலாளி கட்ட வேண்டியது 3. இதில் செக்ரோல், கைக்காசு என்ற பிரிவு கிடையாது. போர்த்துக்கலின் வயல் தொழிலாளியைச் சட்டமே விட்டுவைத்தது. நம்முடைய கைக்காசுத் தொழிலாளியைச் சட்டம் விடவில்லை. நாம்தான் விட்டுவைத்திருக்கிறோம். இதை எழுதும்போது எனக்கும் வெட்கமாக இருக்கிறது.

என்ன செய்யலாம்?

பெரிய தீர்மானம் எதுவும் நான் கேட்கவில்லை. இந்த மே தினத்துக்குள் செய்யக்கூடிய நான்கு காரியங்களைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தனது பிரிவில் கைக்காசுக்குப் போகிறவர்களின் பேரை ஒரு கொப்பியில் எழுத வேண்டும். எத்தனை நாள், என்ன வேலை, கிலோவுக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கணக்கு இல்லாமல் தொழில் திணைக்களத்துக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டிவரும்.

இரண்டாவது, அவர்களுக்கென்று ஒரு சிறிய சந்தாவை மாவட்டக் கமிட்டி தீர்மானித்து, கையால் வாங்கி, பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். சந்தா கட்டியவர் கூட்டத்தில் எழும்பிக் கேட்பதற்கு உரிமை உள்ளவர். அன்று அந்தத் தங்கச்சி உரிமை இல்லாமலே கேட்டார். அதனால்தான் நாம் பதில் சொல்லாமல் தப்பினோம்.

மூன்றாவது, அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது நாள் சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. தொடர்ந்து கைக்காசு வேலை செய்தவரைப் பதிவு செய்வதும் ஒரு கோரிக்கையாக மேசையில் இருக்க வேண்டும்.

நான்காவது, இந்த முறை மே தின மேடையில் பேசுகிறவர்களில் ஒருவர் கைக்காசுத் தொழிலாளியாக இருக்கட்டும். பத்து நிமிடம் போதும். நம் தலைவர்கள் யாராவது தங்கள் நேரத்தில் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுத்தால் கூட்டம் ஒன்றும் குறைந்துபோகாது.

அன்றைக்கு வர அந்தத் தங்கச்சிக்கு ஒரு நாள் காசு போகும். அதை நாம் நிதியிலிருந்து கொடுப்போம். மே முதலாம் திகதி அவருக்கும் விடுமுறை என்று சொல்வதற்கு முதலில் நாம் அந்தச் செலவை ஏற்க வேண்டும். அதற்குப் பிறகு பஸ்ஸையும் தொப்பியையும் பற்றிப் பேசலாம்.